டாங்க் நிறைந்தால் நிற்கும் கார்

இந்த நாட்டின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்திருப்பவர்கள் பேனாவைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, மாலை ஐந்தே கால் மணிக்கு, கட்டபெட்டிலிருந்து ஊட்டிக்குப் போகும் ஏற்றத்தில், ஹெதர்டன் எஸ்டேட் சூப்பரின்டென்டென்ட் திரு. சி. கண்ணு அவர்களின் கறுப்பு ஆஸ்டின் கார் ஒரே மாதத்தில் ஐந்தாவது முறையாக நின்றுபோனது. டெல்லியில் அன்று கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கவில்லை. அது டெல்லியின் அலட்சியம். ஹெதர்டன் பங்களாவில் கட்டாயம் இறங்கியிருக்கும். கொடிக்கம்பத்துக் கயிறு போன மழையிலேயே அறுந்துவிட்டதால் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, அந்தப் பங்களாவின் முன்கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஹெர்பர்ட். குன்னூர் பெட்போர்டில் ஒரு மாடியறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். அதற்கு முன் இருபத்தாறு வருஷம் ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். ஒரு குடையின் கைப்பிடியைப் பார்த்தே அதன் சொந்தக்காரருக்கு எந்தப் பக்கத்துப் பல் வலிக்கிறது என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதிப் பாதி நேரத்தில் அவரைக் காப்பாற்ற வேண்டியவள் பக்கத்து நாற்காலியில் இருந்த உதவியாளர் வேலாமணி. மேட்டுப்பாளையத்துக்காரி, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ்.

கண்ணு துரை கணப்பின் முன் நின்றார். கணப்பில் நெருப்பு இல்லை. முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை அங்கேதான் நிற்பார் என்பதால் இவரும் அங்கே நின்றார். பெற்றோர் வைத்த பெயர் செல்லக்கண்ணு. வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பியபோது பங்களாவையும் 1948ஆம் வருஷத்து ஆஸ்டினையும் விட்டுவிட்டுப் போனார். இவர் அவை இரண்டையும் எடுத்துக்கொண்டு, தன் பெயரின் முன்பாதியை விட்டுவிட்டார்.

"இது ரிப்பேர் இல்லை, மிஸ்டர் ஹெர்பர்ட். சபோட்டாஜ். நாசவேலை."

"போலீஸ்ல சொல்லிப் பார்த்தீங்களா?"

"சொன்னேன். கார் நிற்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று கேட்டார்கள். இந்த நாடு எப்படி உருப்படும்?"

ஹெர்பர்ட் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நாடு உருப்படுவது பற்றிய கேள்விகளுக்கு அவர் தனிப்பக்கம் வைத்திருந்தார்.

"நாலு தடவை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன்," என்றார் துரை. "கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பெட்ரோல் பம்புக்குப் புது டயாஃப்ரம் போட்டார்கள். டாங்கிலிருந்து வரும் குழாயில் காற்றடித்தார்கள். அங்கே குதிரை மாதிரி ஓடுகிறது. இங்கே வந்து ஒரு ராத்திரி தங்கினால் மறுநாள் வழியில் நிற்கிறது. ஆகவே?"

"ஆகவே, ராத்திரி," என்றார் ஹெர்பர்ட்.

"ஆகவே, டிரைவர். ராஜரத்தினம் என்று பெயர். சிலோனிலிருந்து கப்பலில் வந்தவன்."

"உங்க எஸ்டேட்டுல முக்காவாசிப் பேரு கப்பல்ல வந்தவங்கதானுங்களே," என்றாள் வேலாமணி.

"அதனால்தான் முக்கால்வாசிப் பேர் மேலும் எனக்குச் சந்தேகம். கார் ஓட்டத் தெரிந்தவன் இவன் ஒருவன்."

புத்தாண்டில் பெட்ரோல் விலை ஏறிய மறுநாளே எஸ்டேட்டில் பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டிருந்தது. காரின் மூஞ்சிக்குச் சங்கிலி. கொட்டகைக்கு இரட்டைப் பூட்டு. அதில் ஒரு சாவி துரையின் தலையணைக்கு அடியில். ஒரு வாட்ச்மேன், அவரைக் கண்காணிக்க இன்னொரு வாட்ச்மேன். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, தினமும் சாயங்காலம் துரையே அரக்கை உருக்கி, பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒரு வளையமும் மூடியின் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்து, அந்தப் பொட்டின் மேல் தன் மோதிரத்தை அழுத்துவார். கோயமுத்தூரில் இருந்த தலைமை அலுவலகம் இதைக் கேட்டுப் பூரித்துப்போய், 'ஹெதர்டன் முறை' என்று பெயரிட்டு, தன் பன்னிரண்டு எஸ்டேட்டுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. பக்கத்தில் காந்தி கொஞ்சம் சிறிய சட்டத்தில் இருந்தார்.

"ஒரு தடவைகூட முத்திரை உடைந்ததில்லை," என்றார் துரை. "அப்படியும் உள்ளே எதையோ செய்கிறான். எப்படி என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்."

மேஜை மேல் ஒரு கடிதம் கிடந்தது. டைப் அடித்த காகிதம் எதுவானாலும் தலைகீழாகவே படித்துவிடுவது வேலாமணியின் தொழில் வியாதி. 'தங்களைப் பணியிலிருந்து நீக்குவதுடன், மூன்று தினங்களுக்குள் லயத்து வீட்டைக் காலி செய்யுமாறு' என்பது வரை வந்து, 'காரணம்' என்று போட்டு, ஒன்றரை வரி வெற்றிடம்.

"ஏனுங்க சார், காரணம் மட்டும் காலியா இருக்குதுங்களே."

"அதை நிரப்பத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நாலு மணிக்கு விசாரணை. நாலரைக்கு நான் கிளப்புக்குக் கிளம்ப வேண்டும்."

மணி பத்து. ஒரு மனிதன் வேலையிலும் வீட்டிலும் இருக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய ஆறு மணி நேரம் இருந்தது. ஹெர்பர்ட் அதில் இருபது நிமிஷத்தைக் காலணிக் கயிறு கட்டுவதில் செலவழித்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

கார்க் கொட்டகையில் ராஜரத்தினம் காக்கி உடுப்போடு நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். ஒல்லி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அதிலும் கடைசி வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிற ஆள்.

"இதுக்கு முன்னால கார் ஓட்டியிருக்கீங்களா?" என்று ஹெர்பர்ட் கேட்டார்.

"சிலோன்ல ஹட்டன் பக்கம் பதினெட்டு வருஷம் தொரைக்கு ஓட்டினேங்கய்யா."

"வண்டி எப்ப நிக்குது?"

"டாங்க் நெறைய எண்ணெ இருந்தா மூணாங்கட்டையிலயே நிக்கும். பாதி இருந்தா அஞ்சாங்கட்டை தாண்டும். அடியில கெடந்திச்சின்னா கெளப்பு வரைக்கும் போயிரும்."

"கட்டைன்னா மைலுங்களா?" என்றாள் வேலாமணி.

"ஆமாங்கம்மா. அங்க அப்படித்தான் சொல்லுவோம்."

"அது சரி, இதென்னங்க வண்டி. வவுறு நெறஞ்சா படுத்துக்குது, பட்டினி போட்டா ஓடுது. எங்க மாமனாரு ஊட்டு எருமைகூட இப்படிப் பண்ணாதுங்க."

ஹெர்பர்ட் எருமையைப் பொருட்படுத்தவில்லை. "சர்க்கரை," என்றார் தாழ்ந்த குரலில். "டாங்குல சர்க்கரை போட்டா இன்ஜின் செத்துடும்னு படிச்சிருக்கேன்."

"ரேஷன்ல குடுக்கற சர்க்கரை டீத்தண்ணிக்கே பத்தறதில்லீங்க சார். அதைக் கொண்டுபோய் யாரு காருக்குப் போடறாங்க?"

சர்க்கரை குறிப்பேட்டிலிருந்து அடிக்கப்பட்டது.

"திரும்பி வர்றப்ப நிக்குதுங்களா?" என்று அவளே கேட்டாள்.

"நிக்காதுங்கம்மா."

"ஏனுங்க?"

ராஜரத்தினம் கூரையைப் பார்த்தார். "அது எறக்கங்கம்மா," என்றார், யாரோ சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி. வேலாமணி அந்தக் குரலை மனசில் ஓரமாக எடுத்து வைத்தாள்.

பதினோரு மணிக்குச் சோதனை ஓட்டம். முதலில் துரை பூதக்கண்ணாடி வைத்து முத்திரையைப் பரிசோதித்தார். மோதிரத்தில் இருந்த சிங்கம் அரக்கில் பத்திரமாகப் படுத்திருந்தது. துரையும் ஹெர்பர்ட்டும் பின்னால் ஏற, வேலாமணி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாங்க் நிறைந்திருந்தது.

கட்டபெட்டைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் கார் நன்றாகத்தான் போனது. தேயிலைச் சரிவுகள் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பின்னால் போயின. மூன்றாம் மைல் கல் தெரிந்ததும் இன்ஜின் ஒரு தடவை விக்கியது. இரண்டாம் விக்கலில் ராஜரத்தினம் வண்டியை ஓரத்துக்கு ஒடித்தார். மூன்றாவதில் அது தானாக அடங்கிவிட்டது. எதிரே இறங்கி வந்த முட்டைக்கோஸ் லாரிக்காரர் கையை ஆட்டிவிட்டுப் போனார். ஒரு மாசமாகப் பழக்கம்.

"இறங்குங்கள்," என்றார் துரை, யுத்தகளத்தில் சொல்வதுபோல.

சங்கிலியைத் துரை திறந்துவிட, ராஜரத்தினம் பானட்டைத் தூக்கிப் பெட்ரோல் பம்பைக் காட்டினார். அதன் கண்ணாடிக் கிண்ணம் காலி. பக்கத்திலிருந்த சின்ன நெம்புகோலைக் கையால் பத்து தடவை அடித்தார். ஒரு சொட்டு வரவில்லை.

"பின்னால எண்ணெ இருக்குதுங்க. முன்னால வர மாட்டேங்குது," என்றார்.

"இப்போது அளவு," என்றார் துரை. காரில் பெட்ரோல் காட்டும் முள் வெள்ளைக்காரர் காலத்திலேயே செத்துவிட்டதால், அளவுக்கு ஒரு மூங்கில் குச்சி இருந்தது. துரை பின்பக்கம் போய் முத்திரையை உடைத்தார். உடைத்தபடியே, திருட்டுக்கும் நாசவேலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஹெர்பர்ட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழாத ஒன்று வேலாமணியின் காதில் விழுந்தது. மூடி திரும்பியதும் டாங்க் ஒரு பெருமூச்சு இழுத்தது. விட்ட மூச்சு இல்லை. இழுத்த மூச்சு.

ராஜரத்தினம் குச்சி விட்டுப் பார்த்ததில் ஒரு விரக்கடைகூடக் குறையவில்லை. ராஜரத்தினம் முன்னால் வந்து நெம்புகோலை நாலு தடவை அடித்தார். கிண்ணம் நிறைந்தது. சாவியைத் திருப்பினார். ஆஸ்டின் ஒன்றும் நடக்காததுபோல உறுமியது.

"பார்த்தீர்களா," என்றார் துரை. "அவன் குச்சி விடுகிறான். கார் ஓடுகிறது. குச்சியில்தான் ஏதோ மருந்து."

ஹெர்பர்ட் குச்சியை வாங்கி மோந்து பார்த்தார். நாக்கு நுனியில் வைத்தும் பார்த்தார்.

"அது மூங்கிலுங்க சார்," என்றாள் வேலாமணி. "துப்பிருங்க."

மத்தியானம் டிரைவரின் வீட்டைச் சோதனையிட வேண்டும் என்றார் ஹெர்பர்ட். சோதனையிட அங்கே ஒன்றுமில்லை. லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒற்றைக் காம்பரா, ஒரே அறை. கொடியில் நாலு துணி, மூலையில் தகரப்பெட்டி, அதன் மேல் தலைமன்னாரில் கட்டிய கயிறு இன்னும் அப்படியே. ராஜரத்தினத்தின் மனைவி காத்தாயி அப்போதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தாள். வந்தவர்களைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, தேயிலைச் சாயத்தைக் கொதிக்கவிட்டாள். விருந்தாளிக்கென்று எடுத்து வைத்திருந்த ஒரு டின் பாலை எடுத்து, ஆணி வைத்து ஒரு குத்து குத்தி, கிளாஸின் மேல் கவிழ்த்தாள்.

பால் வரவில்லை. ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது.

"வருதில்ல," என்றாள் காத்தாயி.

குலுக்கினாள். தட்டினாள். மறுபடியும், "வருதில்ல," என்றாள். இதையெல்லாம் அவள் டின்னைப் பார்த்துச் செய்யவில்லை. வேலாமணியின் முகத்தைப் பார்த்துச் செய்தாள்.

ஹெர்பர்ட் இதற்குள் இரண்டாவது சித்தாந்தத்தில் இருந்தார். "ராத்திரியில உங்க வீட்டுக்காரர் எழுந்து போற பழக்கம் உண்டா?"

"பீடி குடிக்கப் போவாருங்க."

"பீடி," என்று எழுதிக்கொண்டார்.

காத்தாயி பெருமூச்சு விட்டு ஆணியை மறுபடி எடுத்தாள். முதல் ஓட்டைக்கு எதிரே, டின்னின் மறுகோடியில், நிதானமாக இன்னொரு குத்து குத்தினாள். பால் நூலாக இறங்கியது. ஹெர்பர்ட் டீயை வாங்கிக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். வேலாமணி கிளாஸைத் தொடவில்லை.

"ஏனுங்கக்கா," என்றாள் மெதுவாக. "எத்தனை வருஷமா டின் பாலு பொழங்கறீங்க?"

"பொறந்ததுல இருந்து தங்கச்சி. அங்க மாட்டுப் பால் ஏது?"

"அத்தனை வருஷம் பொழங்கினவங்க ஒத்த ஓட்டையா போடுவீங்க? பாலு எறங்க ஒண்ணு, காத்துப் போக ஒண்ணுன்னு பொட்டிக்கடை பையனுக்குக்கூடத் தெரியுங்களே."

காத்தாயி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். "நான் ஒண்ணுஞ் சொல்லலயே."

வாசல்படியில் நின்ற ராஜரத்தினம் முதல் முறையாகச் சிரித்தார். "அவளும் சொல்லல, நானும் சொல்லல. டின்னுதாங்கம்மா சொல்லிச்சி."

ஹெர்பர்ட் கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"சார், டாங்கு மூடியில ஊசி நொழையற மாதிரி ஒரு ஓட்டை இருக்குமுங்க," என்றாள் வேலாமணி. "பெட்ரோல் வெளிய போகப் போக, அந்த எடத்துக்குக் காத்து உள்ள போகோணும். இல்லீன்னா டின் பாலு மாதிரி நின்னு போகும். டாங்கு நெறஞ்சிருந்தா உள்ளாற இருக்கற காத்து கொஞ்சூண்டு, மூணு மைல்லயே மூச்சு முட்டிரும். காலியா இருந்தா நெறையக் காத்து, கிளப்பு வரைக்கும் தாங்கும். ஒர்க்‌ஷாப்புக்காரங்க மொதல்ல மூடியத் தொறந்துட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பாங்க, அங்க எப்புடி நிக்கும்? திரும்பி வர்றப்ப முத்திரை ஒடஞ்சிருக்கும், அப்பவும் நிக்காது. தொரை மூடி நெத்தியில அரக்குப் பொட்டு வெக்கறாருல்லீங்க, அதுக்கு நேரா கீழதான் அந்த ஓட்டை."

ஹெர்பர்ட் குறிப்பேட்டில் பீடியை அடித்தார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று ஹெர்பர்ட் டிரைவரைக் கேட்டார்.

"ரெண்டாவது தடவை நின்னப்பவே தெரியுங்கய்யா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"எப்படிங்கய்யா சொல்றது? தொரை, அரக்கு வேணாங்கன்னு சொன்னா, ஏன்டா வேணாங்கிறன்னு கேப்பாங்க. எண்ணெ களவாங்கறவன்தான அரக்கு வேணாம்பான். வாயத் தொறந்தா களவாணி, தொறக்காட்டி நாசவேலை. நாசவேலைக்காச்சும் விசாரணை இருக்குன்னு பேசாம இருந்தேன்."

"அங்க, எங்க நாட்டு ஆளில்லன்னு பேரை வெட்டி அனுப்பினாங்க," என்றாள் காத்தாயி. "இங்க வந்து மூணு வருஷமாச்சி. இவுகளும் வேலைய நிப்பாட்டிப் பத்துச்சீட்டக் குடுத்து மூணு நாள்ல காம்பராவ விடுன்னா, எந்தக் கப்பல்ல ஏறி எங்க போறதுங்க?"

வேலாமணி எழுந்தாள். "வாங்க சார். போய்த் தொரைகிட்ட உங்க மோதரந்தான் குத்தவாளின்னு சொல்லிட்டு வந்துரலாம்."

"உட்காருங்க," என்றார் ஹெர்பர்ட். அவர் சரியாக இருக்கும் அந்தப் பாதி நேரம் வந்துவிட்டது என்பது குரலில் தெரிந்தது. "இருபத்தாறு வருஷத்துல, 'குடையை மறந்து வெச்சிட்டேன்'னு சொல்லி என் கவுண்டருக்கு ஒருத்தரும் வந்ததில்லை. எல்லாரும் 'திருடிட்டாங்க'ன்னுதான் வருவாங்க. நீங்கதான் மறந்தீங்கன்னு சொன்னா, நம்ம மேல புகார் எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க. 'கிடைச்சிடுச்சு சார்'னு சொன்னா, கும்பிட்டு வாங்கிக்குவாங்க. அந்த மோதிரத்துக்கு ஒரு தலைமை அலுவலகமே சட்டம் போட்டுக் குடுத்திருக்கு. அதைத் தப்புன்னு சொன்னா நாலு மணிக்கு அந்த ஒன்றரை வரியில எதையாவது எழுதி நிரப்பிடுவார்."

"அப்ப யாரைத்தானுங்க புடிச்சுக் குடுக்கறது?"

"யோசிக்கிறேன்," என்று காலணிக் கயிற்றைக் குனிந்து பிடித்தார்.

நாலு மணிக்கு விசாரணை தொடங்கியது. மேஜைக்குப் பின்னால் துரை. எதிரே ராஜரத்தினம், கை கட்டி. பக்கவாட்டில் எஸ்டேட் டைப்ரைட்டரின் முன் வேலாமணி. துரை பேனா மூடியைக் கழற்றி, அந்த ஒன்றரை வரி வெற்றிடத்தின் மேல் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்கள், மிஸ்டர் ஹெர்பர்ட்."

டெலிபோன் அடித்தது. ஓவேலியிலிருந்து ட்ரங்க் கால். அதே கம்பெனியின் எஸ்டேட். துரை கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. குழாயைக் கையால் பொத்திக்கொண்டு இவர்களிடம் திரும்பினார்.

"சதி ஓவேலி வரை பரவிவிட்டது. திங்கட்கிழமைதான் அங்கே ஹெதர்டன் முறையை அமல்படுத்தினார்கள். இன்று ஜீப் இரண்டாம் மைலில் நின்றுவிட்டது." குழாய்க்குள் பேசினார். "அந்த டிரைவரும் சிலோன்காரன்தானே?"

பதில் வந்தது. மலர்ந்த முகம் மலர்ந்தபடியே நின்றுபோனது.

"என்னவாம் சார்?" என்றார் ஹெர்பர்ட்.

"டிரைவர் லீவாம். சூப்பரின்டென்டென்டே ஓட்டிக்கொண்டு போனாராம்."

துரை குழாயை வைத்தார். ஒரு சிலோன்காரன்கூட இல்லாத நாசவேலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பேனா முனை காகிதத்தை விட்டு அரை அங்குலம் மேலே போயிற்று. இந்த அரை அங்குலத்துக்காகத்தான் ஹெர்பர்ட் காத்திருந்தார்.

"குற்றவாளியைப் பிடிச்சாச்சு சார்."

"யார்?"

"வளிமண்டலம்."

துரை அந்தப் பெயரை மனசுக்குள் ஆள் பட்டியலில் தேடினார். "நம் எஸ்டேட் ஆளா?"

"இல்லை சார். வெளி ஆள்."

"எத்தனை நாளாக இந்தப் பக்கம் நடமாட்டம்?"

"வெள்ளைக்காரத் துரைக்கு முன்னாலேயே இங்க இருந்திருக்கு. காத்தைத்தான் சொல்றேன் சார். ஆறாயிரம் அடி உசரத்துல அதோட அழுத்தம் ஒரு தினுசு. வெள்ளைக்காரர் விவரமானவர். பெட்ரோல் மூடியில ஊசி மாதிரி ஒரு வழி வெச்சு, அதுக்கு மட்டும் போக வர அனுமதி குடுத்திருந்தார். உள்ளே காத்து போனாத்தான் பெட்ரோல் வெளியே வரும்."

"அனுமதி கொடுத்திருந்தாரா?" வெள்ளைக்காரர் செய்த காரியம் என்றதும் துரையின் குரலில் மரியாதை ஏறியது. பிறகு சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்தார், மரியாதை இறங்கியது. "அப்படியானால் என் முத்திரை..."

டைப்ரைட்டரின் மேல் வேலாமணியின் விரல்கள் அப்படியே நின்றன. ராஜரத்தினம் தரையைப் பார்த்தார்.

"உங்க முத்திரையாலதான் சார் குற்றவாளியே வெளியில வந்தான்," என்றார் ஹெர்பர்ட். "வேற யாராவது அரக்கு வெச்சிருந்தா எங்கேயாவது கொஞ்சம் விரிசல் விட்டிருக்கும். உங்க கை வெச்ச முத்திரையில காத்துகூட நுழைய முடியலை. விஞ்ஞானத்துல இதுக்குப் பெரிய பேர் இருக்கு."

துரை எழுந்து கணப்பின் முன் போய் நின்றார். திரும்பியபோது வேறு மனிதராக இருந்தார். முன்பு ஒரு சதிக்கு இலக்கானவர், இப்போது ஓர் ஆராய்ச்சியாளர்.

"நான் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டேன்," என்றார். "எழுதிக்கொள்ளுங்கள் அம்மா."

எழுதினாள். ஹெதர்டன் முறை, திருத்தம் ஒன்று. உயர்ந்த மலைப்பிரதேசங்களில் வளிமண்டலத்தின் நடத்தை குறித்துச் சூப்பரின்டென்டென்ட் அவர்கள் தம் சொந்தக் காரில் ஒரு மாத காலம் நடத்திய பரிசோதனைகளின் விளைவாக, இனி மூடியின் நெற்றியில் அரக்கு வைக்கப்படாது. பெட்ரோல் நிரப்புவது, அளப்பது, மூடியைத் திறப்பது ஆகிய யாவும் சூப்பரின்டென்டென்டின் நேரடிப் பொறுப்பு. இனி எந்த டிரைவரும் மூடியையோ குச்சியையோ தொடக் கூடாது. மூன்றாவது பத்தியாக, யாரும் சொல்லாமலே, வேலாமணி இன்னொன்றையும் சேர்த்து அடித்தாள்: டிரைவர் ராஜரத்தினத்தின் மேல் எக்குற்றமும் இல்லை என்று விசாரணையில் தெளிவானதால் அவர் பணியிலும் வீட்டிலும் தொடர்வார்.

துரை முதல் பத்தியை இரண்டு தடவை படித்தார். இரண்டாவதை ஒரு தடவை. மூன்றாவதைப் படிக்க அவகாசமில்லை; கிளப்புக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

"பழைய கடுதாசிய என்ன பண்றதுங்க?"

"எந்தக் கடிதம்?" என்றார் துரை, நிஜமாகவே மறந்துபோய்.

வேலாமணி அதை நாலாகக் கிழித்துக் கணப்பில் போட்டாள். ராஜரத்தினத்தின் கையில் சுற்றறிக்கையின் கார்பன் நகலைக் கொடுத்தபோது அவர் அதை மூன்று மடிப்பாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பித்தானையும் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஊட்டி கிளப்பில், பன்னிரண்டு எஸ்டேட்டுத் துரைமார்கள் முன்னிலையில், 'வளிமண்டலமும் தோட்ட நிர்வாகமும்' என்ற தலைப்பில் கண்ணு துரை சொற்பொழிவாற்றுவதாக அழைப்பிதழ் வந்தது. ஹெர்பர்ட்டும் வேலாமணியும் சாட்சிகளாக வர வேண்டும் என்று கீழே பேனாவால் எழுதியிருந்தது. கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தில் ஆஸ்டின் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது. துரையின் மடியில் நாற்பத்திரண்டு பக்கச் சொற்பொழிவு. வாரம் பூராவும் அதை எழுதியதில் கண்கள் சிவந்திருந்தன.

மூன்றாம் மைல் கல் போனது. வண்டி நிற்கவில்லை. ஐந்தாம் கல் போனது. துரை பதினேழாம் பக்கத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். காற்று என்பது ஓர் ஊழியரைப் போன்றது. அதற்கு உரிய வழியை விட்டால் அது விசுவாசமாக உழைக்கும். முட்டைக்கோஸ் லாரி எதிரே வந்தது. ஓடும் ஆஸ்டினைப் பார்த்த திகைப்பில் லாரிக்காரர் கையாட்ட மறந்துவிட்டார்.

தொட்டபெட்டாவுக்கு ஒரு மைல் இருக்கையில் இன்ஜின் விக்கியது. ராஜரத்தினம் வண்டியை ஓரத்துக்கு ஒடித்தார். அடங்கியது.

வாசிப்பு நின்றது. துரை வெளியே எட்டி வளிமண்டலத்தைப் பார்த்தார். அது வழக்கம்போல இருந்தது.

"ராஜரத்தினம், என்ன இது?"

"தெரியலீங்க தொரை. மூடியத் தொடக்கூடாதுன்னு கடுதாசியில இருக்கு." அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். "செவ்வாக்கெழம ஒருக்கா, வியாழக்கெழம ஒருக்கா எண்ணெயப் பாக்கணுமுன்னு கேட்டேங்க. எழுதிக்கிட்டிருக்கேன், போடான்னு சொன்னீங்க."

துரை இறங்கினார். குச்சியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, எடுத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். பிறகு அதை ஹெர்பர்ட்டிடம் நீட்டினார். ஹெர்பர்ட் தடவிப் பார்த்து வேலாமணியிடம் கொடுத்தார்.

டாங்கில் பெட்ரோல் இல்லை.